அடுத்து

சதுரங்கப்பாறைக்குக் கீழே அந்த ஏலத்தோட்டத்துக்கு
நான் போய்ச் சேர்ந்தது பத்தொன்பதாம் நாள்.
அதற்குள் ஒரு சுற்றுக் காய் எடுத்திருந்தார்கள்.
மிதிபட்ட சருகு. சாய்ந்த தட்டை.
காற்றாலைகளின் பக்கமிருந்து ஓயாத காற்று.

எஸ்.ஐ. ஷாஜன் ஓர் இலையைப் பிடித்துக் காட்டினார்.
ஐந்து ஓட்டை, ஒரே வரிசை.
குண்டு போன வழி, மேடம்.
லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
இலை குருத்தாய்ச் சுருண்டிருந்தபோது
புழு ஒரே தடவை குடைந்த வழி.
விரிந்ததும் ஐந்தாகிவிட்டது.

முருக்க மரத்தில் மூன்று ஈயம் இருந்தது.
அதிலிருந்து நூல் பிடித்தேன்.
நூல் திசையைச் சொல்லும், தூரத்தைச் சொல்லாது.
நீட்டிக்கொண்டே போனால்
குரியாக்கோஸ் நின்றதாகச் சொன்ன பாறை,
நின்றதாக மற்றவர்கள் சொன்ன வேலி,
அப்புறம் மலை இறங்கித் தமிழ்நாடு.

துப்பாக்கி நாட்டுத் துப்பாக்கி.
கரிமருந்து, தேங்காய் நார், வெட்டிய ஈயம்,
சைக்கிள் பால்ரஸ் இரண்டு.
லேபில் பத்து மீட்டரில் வெள்ளைத் துணி கட்டி
மூன்று முறை சுட்டோம்.
முதல் தடவை உள்ளங்கை அகலம்.
அடுத்த தடவை சுளகு அகலம்.
மூன்றாவதில் துணியின் ஒரு மூலை மட்டும் கிழிந்தது.
அன்று சாயங்காலம் அவன் மருந்தை
எத்தனை இடி இடித்து அடைத்தானோ,
அந்தக் கையின் பலத்தை
எந்தத் தராசில் நிறுப்பது?

மொக்கராசு உடம்பில் ஒன்பது காயம்.
சட்டையில் பதினான்கு ஓட்டை.
தொளதொளச் சட்டை, மடிப்புக்கு இரண்டாய் விழுந்திருக்கலாம்.
கரி படிந்திருக்கிறதா என்று தேடினேன்,
கிட்ட நின்று சுட்டிருந்தால் படிந்திருக்கும்.
துணியில் பார் சோப்பு வாசம்.
ரத்தத்தோட எப்பிடிங்க குடுக்கிறது, என்றாள்
அவன் மனைவி செவனம்மாள்.
அலசித்தான் குடுத்தேன்.

பாப்பாத்தியின் வாக்குமூலம் மலையாளத்தில் இருந்தது.
லேபில் இரண்டு எழுத்தும் படிப்பவள் நான் ஒருத்தி.
'அடுத்து நின்னு சுட்டாரு' என்று அவள் சொல்லியிருக்கிறாள்.
எழுதிய கான்ஸ்டபிளுக்கு அடுத்து என்றால் பக்கத்தில்.
போடியில் பிறந்தவளுக்கு அடுத்து என்றால் அப்புறம்.
அவளிடமே கேட்டேன்.
இருபது வருஷமாய் இரண்டு பாஷையிலும் ஏச்சு வாங்குபவள்
கொஞ்சநேரம் தன் வாயையே பார்ப்பதுபோல் இருந்துவிட்டு
அடுத்துதாங்க, என்றாள்.

எட்டு முதல் பதினான்கு மீட்டர் வரை
என்று எழுதினேன்.
எட்டு என்றால் அவனுக்குத் தெரியும், மனுசன்.
பதினான்கு என்றால், மஞ்சு இறங்கிய வேளை,
மரவள்ளியைத் தோண்ட வந்த பன்றி.
இடையில் இருக்கிற ஆறு மீட்டரில்தான்
முந்நூற்று மூன்றாம் நாளாக
அவன் சிறையில் இருக்கிறான், அல்லது
இருக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் ரிப்போர்ட்டில் சேர்க்கவில்லை.
அன்று ஆறே காலுக்கு, மஞ்சு வந்தபின்,
கான்ஸ்டபிளைச் செடிகளுக்குள் குந்தச் சொல்லிவிட்டுப்
பதினொரு மீட்டரில் நின்று பார்த்தேன்.
மனுசன் தெரிந்தான்.
நன்றாகத் தெரிந்தான்.
குந்தியிருப்பது மனுசன் என்று
தெரிந்துகொண்டுதானே பார்த்தேன்.

செவனம்மாள் நேற்று ஆபீசுக்குப் போன் செய்தாள்.
தீர்ப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
சட்டையை எப்பத் தருவீங்க, என்றாள்.
அது அவருதில்ல.
அவரு தம்பிகிட்ட வாங்கிப் போட்டுட்டுப் போனது.